நூற்றிருபது ஃபிரேம் கடல்

ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் நான் கடலூர் பஸ்ஸில் ஏறவே மாட்டேன். கிடைத்தாலும் அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். இப்பேர்ப்பட்ட வயிற்றை வைத்துக்கொண்டு நான் பார்க்கும் வேலை, ஆடும் நாற்காலி தியேட்டரை இயக்குவது.

புதுச்சேரி டவுனில் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் இருக்கிறது அது. எட்டு நாற்காலி, எதிரே சுவர் முழுக்கத் திரை. திரையில் ரயில் பள்ளத்தில் பாய்ந்தால் நாற்காலியும் பாயும். பேய் வந்தால் பின்னங்கழுத்தில் காற்று ஊதும். வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் தொண்டை கிழியக் கத்திவிட்டு இளித்துக்கொண்டே இறங்குவார்கள். நான் ஓரத்து மேஜையில், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டனை அழுத்துவேன். மூன்று வருஷமாக இதுதான் பிழைப்பு. பெண் கேட்கப் போகும்வரை ஒரு தடவைகூட அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை.

தியேட்டர் என் சித்தப்பா சூசைநாதனுடையது. எங்கோ மூடிப்போன தீம் பார்க்கிலிருந்து அந்த நாற்காலிகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தார். ஆட்டம் தொடங்கும்போது "அலே!" என்று பிரெஞ்சில் ஒரு சத்தம் போடுவார். அது இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது என்பது அவர் நம்பிக்கை. பட்டனை அழுத்துவது நான்தான் என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

அபி அங்கேதான் எனக்கு அறிமுகமானாள். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். தோழிகள் நான்கு பேரோடு வந்தாள். மற்றவர்கள் அழுதுகொண்டே இறங்கினார்கள், இவள் மட்டும் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"உங்க படம் தத்தித் தத்திப் போவுது. தூண் வரும்போதெல்லாம் ஒண்ணு ரெண்டா தெரியுது. பாத்துருக்கீங்களா?"

பார்த்திருக்கிறீர்களா என்றா கேட்டாள்! இதைத்தான் இரண்டு வருஷமாகச் சித்தப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். சினிமாவில் ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். உட்கார்ந்து கதை பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் உடம்பையும் சேர்த்து ஆட்டும்போது அது போதாது, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண் தடுக்கி விழும். நூற்றிருபது ஃபிரேம் வைத்தால் திரை மறைந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல் இருக்கும். இதையெல்லாம் அபியிடம் நாற்பது நிமிஷம் விளக்கினேன். அவள் நாற்பது நிமிஷமும் நின்று கேட்டாள். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

ஒரு வருஷம் கழித்து, ஏப்ரல் கடைசியில், சித்தப்பாவை அழைத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் பெண் கேட்கப் போனேன். அபியின் அப்பா இருசப்பனுக்குச் சொந்தமாக விசைப்படகு இருக்கிறது. அம்மா தனம் முதலியார்பேட்டையில் மீன் விற்கிறவர். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் இந்துக்கள். அதை எப்படிச் சமாளிப்பது என்று சித்தப்பா ஒரு வாரமாக ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தார். அது அப்படியே வீணாய்ப் போனது.

"கோயில்ல ஒரு மாலை, சர்ச்சுல ஒரு மோதிரம். அதுல என்னா கீது?" என்றார் இருசப்பன். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கடலுக்குப் போயிருக்கியா தம்பி?"

"பீச்சுக்குப் போயிருக்கேன்."

அவர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வகையறால ஒரு வழக்கம். பொண்ணு கேட்டு வர்ற பையன் ஒரு நாளு எங்களோட போட்டுல வரணும். வலை இழுக்க வேணாம், சும்மா ஒக்காந்து வந்தா போதும். ஆனா வாந்தி எடுக்கக் கூடாது."

"எடுத்துட்டா?" என்றார் சித்தப்பா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"எடுத்துட்டா கடலம்மா வேணாம்னு சொல்லிட்டான்னு அர்த்தம். பெரியவளுக்கு மொதல்ல ஒரு இன்ஜினியரு வந்தாரு. நல்ல பையன். முகத்துவாரம் தாண்டறதுக்குள்ள எடுத்துட்டான். அத்தோட அனுப்பிட்டோம். முப்பத்தஞ்சு வருஷமா கடலுக்குப் போறேன், பொயல்ல மாட்டியிருக்கேன், ஒரு சொட்டு எடுத்ததில்ல நானு. மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சி ஜூன் பதினஞ்சு ஞாயித்துக்கெழம கெளம்பறோம். வந்துடு."

திரும்பி வரும்போது சித்தப்பா ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து, "மோன் தியே, மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எனக்கோ ஸ்கூட்டரிலேயே குமட்டியது.

வழி சொன்னவள் அபிதான். "உங்கிட்ட ஆடற நாற்காலி எட்டு இருக்கு. எங்க வீட்ல கடல் இருக்கு. ரெண்டையும் சேர்த்து வச்சிப் பழகு."

தடைக்காலத்தில் விசைப்படகுதான் போகக் கூடாது, சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடையில்லை. அபியின் அண்ணன் செல்வகுமார் தன் ஃபைபர் படகின் முன்பக்கத்தில் என் கேமராவைக் கட்டிக்கொண்டு முகத்துவாரம் தாண்டிப் போய் வந்தான். நூற்றிருபது ஃபிரேமில் ஆறு நிமிஷம். மாடியில் அதை ஓட்டியபோது சித்தப்பா தன் சட்டையில் தண்ணீர் தெறித்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு அலை எங்கே எழும்புகிறது, எங்கே உடையும் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். இதைத்தானே ஐயா மூன்று வருஷமாகச் சொன்னேன்!

படம் ஓடும்போது எந்த இடத்தில் நாற்காலி எப்படி ஆட வேண்டும் என்று கையால்தான் பதிய வேண்டும். அபி திரையைப் பார்த்து, "இப்ப மூக்கு தூக்கும், இப்ப எடது சாயும், இப்ப தொபுக்" என்று சொல்லச் சொல்ல நான் கைப்பிடியை அசைத்துப் பதிந்தேன். அவளும் கடலுக்குப் போனதில்லை. அவர்கள் குடும்பத்தில் பெண்கள் படகில் ஏறக் கூடாது. ஆனாலும் அத்தனையும் தெரிந்து வைத்திருந்தாள்.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் பயிற்சி. சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கினேன். முதல் நாள் நாற்பது நொடி. இரண்டாம் நாளும் நாற்பது நொடி. மூன்றாம் நாள், அசல் கடல் வாடை இருந்தால்தான் உடம்பு பழகும் என்று சித்தப்பா காற்றூதும் குழாய்க்கு முன்னால் ஒரு கூடை நெத்திலிக் கருவாட்டை வைத்தார். பன்னிரண்டு நொடி. அது மட்டுமில்லை, அன்றைக்குப் பேய்ப் படம் பார்க்க வந்த ஒரு குடும்பம், பேய் கருவாட்டுக் குழம்பு தின்றுவிட்டு வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனது.

நானும் விடவில்லை. காலையில் இஞ்சி, மதியம் மோர், எந்நேரமும் அபியின் மெசேஜ். பத்தாம் நாள் இரண்டு நிமிஷம். இருபதாம் நாள் ஆறு நிமிஷமும் முழுதாக உட்கார்ந்தேன், வாளி காலி. இருபத்தைந்தாம் நாள், கையில் சமோசாவை வைத்துத் தின்றுகொண்டே மூன்று தடவை தொடர்ந்து போய் வந்தேன். ஒவ்வொரு அலையும் எனக்கு மனப்பாடம். வாழ்க்கையில் எதிலும் அவ்வளவு கர்வப்பட்டதில்லை.

சித்தப்பா சும்மா இருப்பாரா? படத்தை எல்லாருக்கும் போட ஆரம்பித்துவிட்டார். வாசலில் போர்டு: 'தேங்காய்த்திட்டு கடல் பயணம். நனையாமல் போகலாம்.' கூட்டம் வந்தது. முதலியார்பேட்டையில் யாரோ சொல்லி, ஒரு புதன்கிழமை மதியம் காலி மீன் கூடையோடு தனம்மாவே வந்து நின்றார்.

"எங்க வீட்டுக் கடலுக்கு எங்களுக்கே டிக்கெட்டா?" என்றார். டிக்கெட் வாங்காமல் உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

முகத்துவாரத்தில் நாற்காலி தூக்கிப் போட்டது. அவர் அசையவில்லை. நான்காவது நிமிஷத்தில் படகு திரும்பும், ஊர் முழுசாகத் தெரியும். கலங்கரை விளக்கம், பீச் ரோட்டின் வெள்ளைக் கட்டடங்கள், அதற்குப் பின்னால் தென்னைமரங்கள். தனம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி போடு தம்பி."

போட்டேன். அதற்கப்புறம் இன்னொரு வாட்டி. மூன்றாவது ஆட்டம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"கல்யாணமாயி இருவத்தெட்டு வருஷமா அந்தாளு போவறாரு. கண்ணுக்கு மறையற வரிக்கும் நான் கரையிலயே நின்னுனு இருப்பேன். அவுரும் என்னைப் பாத்துனே போறாருன்னு நெனச்சேன்." திரையைக் காட்டினார். "அங்கேர்ந்து பாத்தா நான் தெரியவே மாட்டேன் போலக்குதே."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சித்தப்பா அவருக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார், அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் தனம்மா மறுபடியும் வந்தார். கூடவே இருசப்பன். சலவை வேட்டி, மேல்பாக்கெட்டில் செல்போன், முகத்தில் ஒரு சிரிப்பு. வேறு யாரும் இல்லை, நாங்கள் நான்கு பேர்தான்.

"நாற்காலில ஒக்காந்து கடலாமே," என்றார். "சரி, ஓட்டு. தூங்கிட்டேன்னா எழுப்பு."

"அலே!" என்றார் சித்தப்பா.

முதல் அலையைப் பார்த்ததும் இருசப்பனின் இடுப்பு தானாக வலதுபக்கம் சாய்ந்தது. நாற்காலி அதற்குக் கொஞ்சம் பிந்திச் சாய்ந்தது. அவர் முகம் சுளித்தார். அடுத்த அலைக்கு அவர் கால் ஊன்றினார், நாற்காலி அவர் கால் எடுத்த பிறகு குதித்தது. நான் முதல்முறையாகத் திரையையும் வாடிக்கையாளரையும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருந்தேன். அலை வருவதற்கு முன்பே அவர் உடம்பு அலைக்குப் போய்விடுகிறது. நாற்காலி பாதி வழியில் வந்து அவரை இடிக்கிறது. ஒன்றரை நிமிஷத்தில் அவர் சிரிப்பு போய்விட்டது. இரண்டாவது நிமிஷத்தில் கை எதையோ தேடியது.

நான் ஓடிப் போய்ச் சிவப்பு வாளியை நீட்டினேன். சரியான நேரத்துக்குப் போய்விட்டேன்.

முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார்போல. நான் மோட்டாரை நிறுத்தினேன். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத காக்காயைப் பார்த்தார். தனம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

"தம்பி," என்றார் இருசப்பன், வாளிக்குள்ளிருந்து.

"சொல்லுங்க."

"வெளில சொல்லாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எனக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. இவருக்கே இப்படி ஆனபிறகு அந்த வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தமாட்டாரா?

"இது சேரு. அது கடலு," என்றார். "ஞாயித்துக்கெழம வந்துடு."

அவர்கள் போனபிறகு மேஜையில் உட்கார்ந்து யோசித்தேன். காரணம் புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பழைய மோட்டார், கட்டளை போய்ச் சேர்ந்து அது அசைவதற்குக் கால் நொடி ஆகிறது. தத்தித் தத்திப் போகும் படத்தில் அந்தக் கால் நொடி யாருக்கும் தெரியவில்லை. நூற்றிருபது ஃபிரேமில் கடலைக் கண்ணாடி மாதிரி காட்டியதும், கடல் தெரிந்தவர் வயிறு அதைப் பிடித்துவிட்டது. கடலே தெரியாத எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அதாவது நாற்பது நாளாக நான் பழகியது கால் நொடி பிந்தி வரும் கடலுக்கு. உலகத்தில் அப்படி ஒரு கடல் இந்த மாடியில் மட்டும்தான் இருக்கிறது.

படத்தையும் நாற்காலியையும் சரியாகப் பொருத்திவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். அலையும் ஆட்டமும் ஒன்றாக வந்தன. அச்சு அசல் கடல்.

நாற்பது நொடி. வாளியைக் கழுவிக்கூட வைத்திருக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அபியை இழந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவளுக்கு ஃபோன் செய்து, "ஓடிப்போயிடலாமா?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டர்லயா? நீ திண்டிவனம் தாண்ட மாட்ட," என்றாள். பிறகு கேலியை விட்டாள். "போய்ட்டு வா ஜெஸ்டின். கரையில நிக்கிறேன்." அவள் அப்பா வாந்தி எடுத்ததை அவளிடம்கூட நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறுபத்தொரு நாள் கட்டிக்கிடந்த படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பத் துடித்தன. துறைமுகமே டீசல் புகையும் கற்பூரப் புகையுமாக இருந்தது. கற்பூரம் காட்டுவதற்காக இருசப்பன் அன்றைக்கும் சலவை வேட்டியில் இருந்தார். இருசப்பனின் படகில் செல்வகுமாரும் டிரைவர் பிரேம்குமாரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். நான் வெறும் வயிற்றோடு ஏறி, கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தேன். அப்போது தனம்மா டிஃபன் கேரியரோடு வந்து படகின் விளிம்பில் காலை வைத்தார்.

"அக்கா, பொம்பளைங்க ஏறக் கூடாதே," என்று பதறினான் பிரேம்குமார்.

தனம்மா அவனைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்தார். "அன்னிக்கி பாத்தது நெஜமான்னு பாத்துட்டு வந்துடறேன்."

எல்லாரும் இருசப்பனின் வாயைப் பார்த்தார்கள். அவர் எதையோ விழுங்கினார். "ஏறு," என்றார்.

படகு புறப்பட்டது. முகத்துவாரத்தில் முதல் அலை தூக்கியது. என் உடம்பு கால் நொடி கழித்து வரட்டும் என்று காத்திருக்க, அது உடனே வந்துவிட்டது. மரியாதை தெரியாத கடல். இரண்டாவது அலையும் அப்படியே. பல்லைக் கடித்தேன், அந்தோணியாரைக் கூப்பிட்டேன், கடலம்மாவையும் கூப்பிட்டேன். வெறும் வயிறாக இருந்ததாலோ என்னவோ, முகத்துவாரம் தாண்டிவிட்டேன். இன்ஜினியரை ஜெயித்துவிட்டேன்! செல்வகுமார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அப்புறம் படகு திரும்பியது. எனக்கு மனப்பாடமான இடம். இதற்கப்புறம் இடதுபக்கம் ஒரு சாய்வு வரும். நான் தயாராக இடதுபக்கம் சாய்ந்தேன். படகு வலதுபக்கம் சாய்ந்தது.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன். வெறும் வயிறு வெறும் வயிறாகவும் இல்லை. நாற்பது நாள் இஞ்சியும் வந்ததுபோல் இருந்தது.

தலையைத் தூக்கினேன். பிரேம்குமார் இன்ஜினைத் தணித்தான். தூரத்தில் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் எங்கோ அபி நிற்கிறாள், என் கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன். அழுகையா மிச்சமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம். "என்னா பண்றது தம்பி," என்றார். "கடலம்மா சொல்லிட்டா."

தனம்மா படகின் முன்பக்கத்தில், ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறியதிலிருந்து அவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. திரும்பாமலேயே பேசினார்.

"கடலம்மா சொன்னாதான் செல்லுமா? சேரு சொன்னா செல்லாதா?"

படகில் இருந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேரா? எந்த சேருக்கா?" என்றான் பிரேம்குமார்.

"அதுவா? போன வியாழக்கெழம மதியானம்..." என்று தனம்மா நிதானமாகத் தொடங்கினார்.

"ஆவணில மொத முகூர்த்தம்!" என்று இருசப்பன் கத்தினார். கடலில் மூன்று மைல் கேட்டிருக்கும். "மாப்ளைக்குத் தண்ணி குடுங்கடா! பையன் முகத்துவாரம் தாண்டிட்டான் இல்ல? அப்புறம் என்னா? கோயில்ல மாலை, சர்ச்சுல மோதிரம், முடிஞ்சிபோச்சு!"

"அந்த சேரு மேட்டரு..." என்று இழுத்தான் பிரேம்குமார்.

"நீ ஸ்டியரிங்கப் பாருடா!"

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒரே தாவலில் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். முதல்முறையாக அவரை மாமா என்று கூப்பிட்டு நன்றி சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

நன்றி வரவில்லை. மாமாவின் சலவை வேட்டிதான் போயிற்று.